"அவர் எதுக்கு சார் கையெழுத்துப் போட்டாரு?"

உலக வரலாற்றுப் பாடநூல் எழுதுவோருக்கும் வினாத்தாள் தயாரிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஏகாதிபத்தியம், காலனியம் பற்றிய பாடத்தை இருபத்திரண்டு வருஷமாக நடத்தி வருகிறேன். இதற்குள் புத்தகத்தின் அட்டை மாறியது, தாள் வழவழப்பானது, படங்களுக்கு வண்ணம் வந்தது. அந்த ஒரு பாடம் மட்டும் அசையவே இல்லை. மூலப்பொருள் தேவை, சந்தைத் தேவை, உபரி மூலதனம், தேசியப் பெருமை, மதம் பரப்பும் ஆர்வம் என்று ஐந்து காரணங்கள். ஐந்துக்கும் சேர்த்து ஐந்து மதிப்பெண். பிறகு 1914-இல் ஆப்பிரிக்கா என்று ஒரு வரைபடம், ஆளுக்கொரு வண்ணம். எத்தியோப்பியாவும் லைபீரியாவும் மட்டும் வெள்ளையாக விடப்பட்டிருக்கும். கடைசியில் 'விளைவுகள்'.

அதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் போன வருஷம் வகுப்பில் ஒன்று நடந்தது. "லோபெங்குலாவிடமிருந்து செசில் ரோட்ஸ் சுரங்க உரிமை பெற்றார்" என்ற வரியை வாசித்துக்கொண்டிருந்தேன். லோபெங்குலா இன்றைய ஜிம்பாப்வே பகுதியில் ஆண்ட மன்னர், ரோட்ஸ் ஆங்கிலேயச் சுரங்க முதலாளி. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "அவர் எதுக்கு சார் கையெழுத்துப் போட்டாரு? பைத்தியமா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் சிரித்தேன். "நல்ல கேள்வி, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். எங்கள் தொழிலில் 'அப்புறம் பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகும் கேள்வி விடவில்லை. ஒரு மன்னர் தன் நாட்டின் கனிமம் முழுவதையும் எப்படி எழுதிக் கொடுத்தார் என்பதற்கு ஐந்து காரணங்களில் ஒன்றுகூடப் பதிலாகாது. அவை எல்லாம் ஐரோப்பாவுக்கு ஏன் ஆசை வந்தது என்று மட்டும் சொல்கின்றன. ஆசை எப்படிப் பட்டாவாக மாறியது என்பதற்குப் பாடத்தில் ஒரு பத்தி கிடையாது.

நடந்தது இதுதான். 1888 அக்டோபர் 30 அன்று ரோட்ஸின் ஆள் சார்லஸ் ரட் நீட்டிய தாளில் லோபெங்குலா தன் அடையாளத்தை இட்டார். தாளில் அவருக்குக் கிடைப்பதாக இருந்தவை: மாதம் 100 பவுண்டு, 1,000 மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள், 1,00,000 தோட்டாக்கள், சாம்பெசி ஆற்றில் ஓட ஒரு நீராவிப் படகு. அவர் கொடுத்தது, நாட்டிலுள்ள உலோகம், கனிமம் அத்தனைக்குமான தனி உரிமை. அவர் பைத்தியமில்லை. நான்கு பக்கமும் போர்த்துக்கீசியர், போயர் (தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சாவளியினர்), ஜெர்மானியர், ஆங்கிலேயர் என்று ஆட்கள் வந்து வாசலில் காத்துக் கிடந்தார்கள். ஒருவனுக்குக் கொடுத்தால் மற்றவர்களை அவனே விரட்டுவான் என்பது அவர் கணக்கு. கூடவே துப்பாக்கியும் வரும். தோண்ட வரும் வெள்ளையர் பத்துப் பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள், நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்படுவார்கள் என்று வாயால் உறுதி சொன்னார்கள். மொழிபெயர்த்து உதவியவர் அவருக்குப் பழக்கமான ஒரு பாதிரியார். அந்த உறுதி தாளில் ஏறவே இல்லை.

விஷயம் புரிந்ததும் லோபெங்குலா சும்மா இருக்கவில்லை. ஒப்பந்தத்தை மறுத்தார், விக்டோரியா அரசியிடமே தூதர்களை லண்டனுக்கு அனுப்பினார். 1889 அக்டோபரில் அதே தாளைக் காட்டி ரோட்ஸின் கம்பெனி அரச சாசனம் வாங்கிவிட்டது. அடுத்த ஆண்டு ஆயுதம் தாங்கிய படை உள்ளே வந்தது. 1893-இல் மாக்சிம் என்ற இயந்திரத் துப்பாக்கி வந்தது. நம் பாடநூலில் மாக்சிம் துப்பாக்கிக்குப் படம் இருக்கிறது. அது வருவதற்கு ஐந்து வருஷம் முன்பே வேலையைத் தொடங்கிவிட்ட தாளுக்குப் படமே இல்லை.

நான் கேட்பது இதைத்தான். காலனியாதிக்கம் பெருமளவு காகிதத்தின் வழியாக நடந்தது. உடன்படிக்கை, கடன் பத்திரம், கூலி ஒப்பந்தம், வரி ரசீது, படியளப்பு உத்தரவு. அந்தக் காகிதங்களில் நாலைந்தையாவது பாடத்துக்குள் கொண்டுவாருங்கள். பிள்ளைகள் அவற்றை வாசித்து, என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதாமல் விட்டிருக்கிறது என்று பார்க்கட்டும்.

காகிதத்தை வாசித்திருந்தால் பெர்லின் மாநாட்டைப் பற்றி நம் புத்தகம் சொல்வதையும் திருத்தியிருப்பீர்கள். ஐரோப்பியர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆப்பிரிக்காவைக் கேக் மாதிரி வெட்டிப் பங்கு போட்டார்கள் என்று ஒரு கேலிச்சித்திரத்தோடு போட்டிருக்கிறீர்கள். 1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை பிஸ்மார்க்கின் மாளிகையில் 14 நாடுகள் கூடின, ஆப்பிரிக்கர் ஒருவர்கூட அழைக்கப்படவில்லை என்பதெல்லாம் உண்மை. ஆனால் அங்கே தயாரான பொதுச் சட்டத்தின் 38 பிரிவுகளைப் புரட்டினால் கண்டத்தைக் கூறுபோடும் எல்லைக்கோடுகளைக் காணோம். காங்கோ வடிநிலத்தில் தடையற்ற வணிகம், காங்கோ, நைஜர் ஆறுகளில் கப்பல் விடும் உரிமை, கடற்கரையில் புதிதாக இடம் பிடிப்பவர் மற்ற நாடுகளுக்குத் தெரிவிக்க வேண்டும், அங்கே உண்மையிலேயே அதிகாரம் செலுத்தவும் வேண்டும் என்ற விதி, இவைதான் இருக்கின்றன. கோடுகளில் பெரும்பாலானவை பின்னால் இரண்டிரண்டு நாடுகள் தனித்தனியே பேசிப் போட்டவை. என்னைக் கேட்டால் விதிதான் கோட்டைவிட மோசம். உண்மையிலேயே ஆள்கிறேன் என்று காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளைத் தேடி ஆட்கள் கிளம்பினார்கள்.

மொழிபெயர்ப்பில் நடந்த சூதுக்கு இரண்டு உதாரணம் போதும். 1840-இல் நியூசிலாந்தின் வைதாங்கியில் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்கள் பிரிட்டனோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் ஆங்கிலப் பிரதியில் இறையாண்மையையே விட்டுக்கொடுத்ததாக இருக்கிறது. மாவோரிப் பிரதியில் நிர்வகிக்கும் உரிமை என்ற அளவில் பொருள்படும் சொல் இருக்கிறது. 500-க்கும் மேற்பட்ட தலைவர்களில் ஆங்கிலப் பிரதியில் ஒப்பமிட்டவர்கள் 40 பேர்கூட இல்லை. 1889-இல் எத்தியோப்பியாவின் மெனெலிக்குடன் இத்தாலி செய்த வுச்சாலே உடன்படிக்கையின் 17-ஆம் பிரிவும் இதே ரகம். வெளிநாடுகளோடு பேச இத்தாலியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றது அம்ஹாரிக் பிரதி. இத்தாலி வழியாகத்தான் பேச வேண்டும் என்றது இத்தாலியப் பிரதி. ஒரு 'லாம்', ஒரு 'வேண்டும்'. வினைமுற்று மாறியதற்காக ஒரு போரே நடந்து, 1896 மார்ச் 1 அன்று அத்வாவில் இத்தாலி தோற்றது. வரைபடத்தில் எத்தியோப்பியா ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கு இதைச் சொன்னால் இலக்கணப் பாடத்தையும் சேர்த்துக் கவனிப்பான்.

கடனுக்கு வருகிறேன். ஹைட்டி நம் புத்தகத்தில் 'அடிமைகள் புரட்சி செய்து 1804-இல் விடுதலை பெற்ற நாடு' என்ற ஒரே வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. கதையே அதற்குப் பிறகுதான். 1825-இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றன. பத்தாம் சார்லஸ் மன்னரின் ஆணை ஒன்றை நீட்டினார்கள்: சுதந்திரத்தை அங்கீகரிக்கிறோம், சொத்தை இழந்த எங்கள் பண்ணை முதலாளிகளுக்கு நஷ்டஈடாக 15 கோடி பிராங்க் கொடுங்கள், ஐந்து தவணை. அந்தச் 'சொத்தில்' மனிதர்களும் அடக்கம். அதாவது, தப்பித்தவர்கள் தங்களுக்கான விலையைத் தாங்களே கட்ட வேண்டும். முதல் தவணை 3 கோடி. கையில் காசில்லை, பாரிஸ் வங்கிகளிடமே கடன் வாங்கினார்கள். 3 கோடிக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்ததில் கைக்கு வந்தது 2 கோடியே 40 லட்சம். வட்டி 3 கோடிக்கு. 1838-இல் மொத்தத்தை 9 கோடியாகக் குறைத்தார்கள். ஆனாலும் அந்தக் கடனை அடைக்க வாங்கிய கடன், அதை அடைக்க வாங்கிய கடன் என்று சுற்றிச் சுற்றி, கணக்கு தீர்ந்தது 1947-இல்.

இதைக் கரும்பலகையில் போட்டபோது வகுப்பில் சத்தமே இல்லை. கந்துவட்டி என்றால் என்ன என்று அவர்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிரிட்டன் 1833-இல் அடிமை முறையை ஒழித்தபோது 2 கோடி பவுண்டு நஷ்டஈடு முதலாளிகளுக்கே போனதும், அதற்காக வாங்கிய கடனை அந்நாட்டு வரிசெலுத்துவோர் 2015-இல்தான் கட்டி முடித்ததும் பக்கத்திலேயே வைக்க வேண்டிய செய்தி. எகிப்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம்: கடன் தாங்காமல் 1875-இல் சூயஸ் கால்வாய்ப் பங்குகளை விற்றார்கள், 1876-இல் கடன்காரர்கள் வரவுசெலவை மேற்பார்க்க உட்கார்ந்தார்கள், 1882-இல் பிரிட்டிஷ் படை வந்தது.

கூலி ஒப்பந்தத்துக்கு மட்டும் அதிக இடம் கேட்பேன். சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் 340 பேருக்கும் மேல் ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் போய் நின்றது. தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடும். 'அக்ரிமென்ட்' என்ற சொல் கூலிகள் வாயில் 'கிர்மிட்' ஆனது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறுபடி ஒப்பந்தமும் போடாமல், சுயமாகப் பிழைக்க நினைத்தவர்களுக்கு 1895-இல் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி போட்டார்கள். மூன்று பவுண்டு என்றால் 60 ஷில்லிங். முதல் வருஷக் கூலிப்படி ஆறு மாதச் சம்பளம். இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போட்டுப் பார்த்துவிட்டு, "அப்போ திரும்பவும் தோட்டத்துக்குத்தானே சார் போகணும்?" என்று கேட்பார்கள். வரியின் நோக்கத்தை நீங்கள் தனியாக எழுத வேண்டியதே இல்லை. ஆப்பிரிக்காவெங்கும் போட்ட குடிசை வரியும் இதே வேலையைச் செய்ததுதான். பணமாகத்தான் கட்ட வேண்டும் என்றால், பணம் கிடைக்கும் இடத்துக்குக் கூலியாகப் போக வேண்டும்.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் காகிதத்துக்குத் தமிழ்ப் பெயரே இருக்கிறது: துண்டு. கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, கம்பளி, அரிசி எல்லாம் தொழிலாளி தலையில் கடனாக ஏறும். கூட்டத்தோடு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறோம் என்று தோட்டத்துரை ஒரு சீட்டு எழுதித் தருவார். புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் அழியாது, அவர்கள் கூடவே நடந்து வரும். வெள்ளைக்காரத் துரைகளும் அதிகாரிகளும் ஆங்கிலத்தில் எழுதும்போதும் அந்தச் சீட்டைத் 'துண்டு' என்றே எழுதினார்கள். 1921 வரை அந்த முறை இருந்தது. ஏகாதிபத்தியத்தின் அகராதியில் நம் மொழியிலிருந்து ஏறிய சொற்களில் இதுவும் ஒன்று. தமிழில் எழுதும் பாடநூலில் அது இல்லை. கங்காணியும் நம்மாள்தான் என்பதும் இல்லை. அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் காங்கோவில் ரப்பருக்காகக் கிராமங்களை எரித்த படையில் சிப்பாய்கள் ஆப்பிரிக்கர்கள். 1853-இல் அமெரிக்கப் போர்க்கப்பல் வாசலில் வந்து மிரட்டிய ஜப்பான், அதே பாணியில் 1876-இல் கொரியாவை மிரட்டிச் சமமற்ற உடன்படிக்கை ஒன்றை வாங்கிக்கொண்டது. வெள்ளையன் கெட்டவன், மற்றவன் பாவம் என்று எழுதி முடித்துவிட்டால் இவை எதையும் விளக்க முடியாது.

இங்கே வினாத்தாள் குழுவினரிடம் ஒரு வார்த்தை. 'காலனி ஆட்சியின் நன்மை தீமைகளைப் பட்டியலிடுக' என்ற கேள்வியைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இடது பக்கம் ரயில், தந்தி, தபால். வலது பக்கம் சுரண்டல், பஞ்சம். தராசுத் தட்டு மாதிரி. 1876-78 பெரும் பஞ்சத்தில் ரயில் எந்தப் பக்கம்? தானியத்தைப் பஞ்சப் பகுதிக்குக் கொண்டுவந்ததும் ரயில், விலை அதிகமான இடத்துக்கு அள்ளிக்கொண்டு போனதும் ரயில்.

அந்தப் பஞ்சத்திலும் ஒரு தாள் இருக்கிறது. ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி 1873-74-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி தருவித்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். அதற்காக அவருக்குக் கிடைத்தது வசவு, பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று. 1877 தொடக்கத்தில், அரசி 'இந்தியப் பேரரசி' ஆனதற்கு டெல்லியில் தர்பார் கொண்டாடிய கையோடு, அதே டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார்கள். செலவைக் குறை என்று உத்தரவு. நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூடச் சில்லறைக் காசு என்று அவர் நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. நாள் முழுக்க மண்வெட்டி பிடிக்கும் உடம்புக்கு. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் இது போதாது என்று எதிர்த்து எழுதினார். இரண்டு அதிகாரிகளும் காகிதத்தில் மோதிக்கொண்டார்கள். பிறகுதான் கூலி உயர்ந்தது. அதற்குள் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. பஞ்சம் முடிந்தபோது செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். நன்மை தீமைப் பட்டியலில் டெம்பிளை எங்கே எழுதுவது? கார்னிஷை எங்கே?

போன வருஷ முழுஆண்டுத் தேர்வில் என் மாணவன் ஒருவன் விளைவுகள் கேள்விக்குத் துண்டு முறையை ஒரு பக்கத்துக்கு எழுதிவிட்டு வந்தான். விடைக்குறிப்பில் துண்டு இல்லை. விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்த்தேன். பக்கம் முழுக்கக் குறுக்கே ஒரு கோடு. திருத்தியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கட்டுக்கட்டாகத் தாளை வைத்துக்கொண்டு குறிப்பைப் பார்த்துத் திருத்துகிறவர் வேறென்ன செய்வார். குறிப்பை எழுதியது நீங்கள்.

இதெல்லாம் பிள்ளைகளுக்குக் கஷ்டம் என்பீர்கள். காங்கோவில் நடந்த கொடுமையைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னவர்களில் ஒருவர் கப்பல் கம்பெனி எழுத்தர். எட்மண்ட் மோரல் என்று பெயர். 1890-களின் கடைசியில் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். காங்கோவிலிருந்து கப்பல் கப்பலாக ரப்பரும் தந்தமும் வந்து இறங்கின. திரும்பிப் போன கப்பல்களில் பண்டமாற்றுக்கான சரக்கு சொற்பம். ஏறியவை பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும். வாங்கியதற்கு விலை எதுவும் போகவில்லையே, அப்படியானால் அங்கே யாருக்கும் கூலி கொடுக்கவில்லை என்று அவர் முடிவுக்கு வந்தது, காங்கோவில் காலே வைக்காமல், வரவு பத்தியையும் பற்று பத்தியையும் ஒப்பிட்டுப் பார்த்து. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது முடியாதா?

மோரலுக்கு முன்பே, 1890-இல், காங்கோவை நேரில் சுற்றிப் பார்த்த ஒருவர், காங்கோவைத் தன் வசம் வைத்திருந்த பெல்ஜிய மன்னர் லியோபோல்டுக்கு ஒரு கடிதம் எழுதி அச்சிட்டு வெளியிட்டார். ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ், அமெரிக்கக் கறுப்பினத்தவர், வரலாற்றாளர். கிராமத் தலைவர்களிடம் நிலத்தை எழுதி வாங்கிய வித்தையை அதில் சொல்கிறார். வெள்ளைக்காரன் கோட்டுக்குள் மின்கலத்தை ஒளித்து, கம்பியை உள்ளங்கை வரை கொண்டுவந்து, கை குலுக்குவானாம். தலைவருக்கு ஷாக் அடிக்கும். எங்கள் கைபலம் இப்படி, மரத்தையே பிடுங்குவோம் என்பானாம். அப்புறம் தாளை நீட்டுவானாம். அதுவும் ஒரு திறந்த மடல்தான். நான் இதை எழுதத் துணிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அவர் அளவுக்கு எனக்கு ஆபத்தும் இல்லை.

ஆதிக்கத்துக்கு உள்ளானவர்களும் காகிதத்தைத் திருப்பிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு ஹவாய் ஒன்று போதும். 1897-இல் அமெரிக்காவோடு இணைப்பதை எதிர்த்து 21,000 பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனு வாஷிங்டனுக்குப் போனது. பக்கம் பக்கமாகப் பெயர்கள், எதிரே வயது. இணைப்பு உடன்படிக்கை செனட்டில் தேறவில்லை. அடுத்த வருஷம் அமெரிக்கா உடன்படிக்கையே இல்லாமல், வெறும் கூட்டுத் தீர்மானம் போட்டு இணைத்துக்கொண்டது. வகுப்பில் இதைச் சொன்னதும் முதலில் கேட்ட அதே பெண், "அப்போ கையெழுத்துப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை, போடாட்டியும் இல்லையா சார்?" என்றாள். இந்த முறை நான் சிரிக்கவில்லை. மணி அடிக்கும்வரை அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

கூடுதல் பக்கம் கேட்டால் அச்சுச் செலவு என்பீர்கள், தெரியும். ஐந்து காரணங்களை ஒரு பத்தியாகச் சுருக்குங்கள். ஆப்பிரிக்க வரைபடம் இரண்டு இருக்கின்றன, 1880-க்கு ஒன்று, 1914-க்கு ஒன்று. இரண்டையும் பாதிப் பாதியாக ஒரே பக்கத்தில் போடலாம். மிஞ்சும் பக்கத்தில் ரட் ஒப்பந்தத்தின் முதல் பத்தி, ஹைட்டியின் தவணைக் கணக்கு, டெம்பிளின் படியளப்பு மூன்றும் கொள்ளும். துண்டுக்குத் தனியாக இடம் ஒதுக்க வேண்டாம், ஓரத்தில் ஒரு கட்டம் போதும். அதன் பெயரே துண்டுதானே.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்